ஊட்டியிலிருந்து மைசூர் அரண்மனை, ஒரே நாளில் போய் வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிக்காரர்களுக்கு மைசூர் வெளியூர் மாதிரியே தோன்றாது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாண ஜவுளிக்கு, பிள்ளைகள் படிப்புக்கு என்று போய் வருகிற ஊர். ஆனால் அரண்மனைக்குள் நிதானமாகச் சுற்றியதுண்டா என்று கேட்டால், "பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கேன்" என்பவர்கள்தான் அதிகம். ஊட்டி, குன்னூர், கூடலூர்ப் பக்கமிருந்து காலையில் இறங்கி ராத்திரி வீடு திரும்ப நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரே நாளில் முடியுமா?

முடியும். ஆனால் அரண்மனை திறக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. காட்டு கேட்டை வைத்துப் போட வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். பந்திப்பூர் பக்கம் 2009-இல் வந்த தடை இது. இரவில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் எண்ணிக்கைதான் காரணம். ஆம்புலன்ஸுக்கும், அனுமதி பெற்ற ஒருசில பேருந்துகளுக்கும்தான் விலக்கு. கேட்டில் நின்று கெஞ்சி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் உங்கள் நாள் என்பது இரண்டு சோதனைச்சாவடிகளுக்கு நடுவே இருக்கும் நாள். இதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் மீதி எல்லாம் சுலபம்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

ஊட்டியிலிருந்து காலை 5 மணி. பைக்காரா, நடுவட்டம் தாண்டிக் கூடலூரில் இறங்கும்போது ஏழு மணியை நெருங்கியிருக்கும். கேட் திறந்தே இருக்கும். தொரப்பள்ளி, தெப்பக்காடு, கக்கநல்லா, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை. அங்கே காலைச் சாப்பாடு. பிறகு நஞ்சன்கூடு வழியாக மைசூர். பத்து, பத்தரைக்கு அரண்மனை வாசலில் நிற்கலாம். அரண்மனையும் 10 மணிக்குத்தான் திறக்கிறது, மாலை 5.30 வரை. வார விடுமுறை கிடையாது.

கூடலூர்க்காரர்கள் ஆறு மணிக்குத் தொரப்பள்ளி சாவடியில் முதல் வரிசையில் நின்றால் போதும். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழ வேண்டும், வேறு வழியில்லை.

திரும்பும்போது மைசூரை விட்டு மாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். கேட் மூட 9 மணி ஆகுமே என்று ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கமல்ல. அந்தி சாயும் நேரத்தில்தான் யானையும் காட்டெருமையும் சாலை ஓரத்துக்கு வரும். அதையும் தாண்டி, நடுவட்டம் ஏற்றத்தில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

கல்லட்டி வழியா, கூடலூர் வழியா?

கல்லட்டி, மசினகுடி வழியே ஏறக்குறைய 125 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் கூடும். ஆனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அதுவும் நெஞ்சைப் பிடிக்கும் செங்குத்து. வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியே இறங்க அனுமதி இல்லை. நீலகிரியின் டி.என். 43 பதிவெண் இருந்தால் விடுவார்கள்.

விடுவார்கள் என்பதற்காக எல்லோரும் போக வேண்டியதில்லை. முதல் கியர், இரண்டாம் கியரிலேயே இறக்கிப் பழகியவர் ஸ்டியரிங்கில் இருந்தால் கல்லட்டி. பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர் என்றால் கூடலூர். திரும்பி வரும்போது ஏற்றம் என்பதால் அந்தக் கவலை குறைவு, ஆனால் வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

பேருந்தில் போக முடியுமா?

தாராளமாக. தமிழ்நாடு அரசுப் பேருந்தும் கர்நாடக அரசுப் பேருந்தும் ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக ஓடுகின்றன. ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைசூர் சப்-அர்பன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அரண்மனை நடை தூரம்தான், ஆட்டோ வேண்டாம். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் பேருந்து நேரத்தை அங்கேயே விசாரித்துக்கொள்வது.

பெண்கள் கேட்பது: கர்நாடகப் பேருந்தில் இலவசமாமே? அது அந்த மாநிலத்துப் பெண்களுக்கு, அவர்கள் மாநிலத்துக்குள். நமக்கு டிக்கெட்தான்.

விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. நேர்மையான பதில்: முடியாது.

ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே சமயத்தில் எரிவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும், மாலை 7 மணிக்கு மேல். அரண்மனை வாசலிலிருந்து பந்திப்பூர் கேட் எழுபது எண்பது கிலோமீட்டர். எட்டு மணிக்குக் கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்து, வண்டியை எடுத்து, ஊர் நெரிசலைத் தாண்டி ஒன்பதுக்குள் அங்கே போக ஹெலிகாப்டர்தான் வேண்டும். சாம்ராஜ்நகர், திம்பம் வழியே சத்தியமங்கலம் இறங்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அங்கேயும் இரவுத் தடை உண்டு. சுல்தான் பத்தேரி வழியும் பந்திப்பூர்க் காட்டுக்குள்தான் போகிறது, அதற்கும் அதே 9 மணி.

விளக்குதான் வேண்டும் என்றால் ஒரு ராத்திரி மைசூரில் தங்குங்கள். ஒரே நாள் பயணம் என்றால், விளக்கை மறந்துவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள். என்னைக் கேட்டால் உள்ளே இருப்பதுதான் உசத்தி.

இந்த அரண்மனை எவ்வளவு பழையது?

நினைப்பதைவிடப் புதியது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு, உடையார் வம்சத்துக்கு அரசு திரும்பியபோது மரத்தால் ஒரு அரண்மனை எழுந்தது. 1897-இல் இளவரசி ஜெயலட்சம்மணியின் கல்யாண சமயத்தில் அது தீப்பிடித்து எரிந்துபோனது. அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். தாயார் கெம்பநஞ்சம்மணிதான் அவர் பெயரில் ஆட்சியைக் கவனித்தார். எரிந்த இடத்திலேயே, இந்த முறை எளிதில் எரியாத கல்லிலும் இரும்பிலும், புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்தவர் அவரே. 1912-இல் முடிந்தது. செலவு 41 லட்சத்துச் சொச்சம். இன்று வெளியே தெரியும் பெரிய தர்பார் மண்டபப் பகுதி அதற்கும் பிறகு விரிவாக்கப்பட்டது.

கட்டிய பொறியாளர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் அருங்காட்சியகக் கட்டடங்களிலும் அவர் கை உண்டு, சிம்லா வைஸ்ராய் மாளிகையும் அவருடையது. நமக்குச் சம்பந்தமான விஷயம், அவர் 1922-இல் காலமானது ஊட்டியில். மைசூர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கட்டியது என்று கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம், தப்பில்லை.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

பொதுமக்கள் நுழைவது தெற்கே வராக வாசல் வழியாக. செருப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, வரிசையில் போகிற வேகத்திலேயே போனால் நாற்பது நிமிடத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

முதலில் பொம்பே தொட்டி, அதாவது பொம்மைக் கூடம். தசராவுக்குக் கொலு வைத்த இடம். தங்க அம்பாரி இந்தப் பக்கம்தான். மரத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தியது; மொத்தம் 750 கிலோ என்பார்கள். இத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு ஒரு யானை ஊர்வலம் போகிறது என்பதை, அம்பாரியின் முன்னால் நின்று அதன் உயரத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். அப்புறம் யானை வாசல். பித்தளைக் கதவில் இருதலைப் பறவை, கண்டபேரண்டம், உடையார்களின் சின்னம்.

அடுத்து கல்யாண மண்டபம். எண்கோண வடிவம். அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். மயில்கள், பூக்கொடிகள் பதித்த ஓடுகள். பிறகு தூண்கள்: கல் என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார்கள், வார்ப்பிரும்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்து, கப்பலில் வந்தவை. மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை, அதிலும் மயில். பதினொரு மணி வெயில் அந்தக் கண்ணாடி வழியே இறங்கும்போது மண்டபத்துக்கே வேறு நிறம் வந்துவிடும். சீக்கிரம் கிளம்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மண்டபத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் தசரா ஊர்வலத்தின் எண்ணெய் ஓவியங்கள், 26 பலகைகள். பெரும்பாலானவர்கள் மயிலைப் பார்த்துக் கழுத்து வலித்து, இவற்றைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். அரசவை ஓவியர்கள் ஊர்வலப் புகைப்படங்களை வைத்து 1930-களிலும் 40-களிலும் தீட்டியவை. கற்பனைக் கூட்டமல்ல அது. குதிரைக்காரர், கொடி பிடித்தவர், பேண்டு வாசித்தவர் என்று ஆளுக்கு ஆள் முகம் வேறு, தலைப்பாகை கட்டிய விதம் வேறு. ஒரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு, பின்வரிசையில் இருப்பவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எல்லோரும் ராஜாவைப் பார்ப்பதில்லை.

மாடியில் பெரிய தர்பார் மண்டபம், 155 அடி நீளம். தூண் வரிசைக்கு முன்னால் மைதானம் திறந்து கிடக்கும். இங்கே ரவி வர்மாவின் சீதா சுயம்வரம் இருக்கிறது. கடைசியாக அம்பா விலாசம், அரசரின் தனி தர்பார். யானைத் தந்தம் இழைத்த ஈட்டி மரக் கதவுகள், வெள்ளிக் கதவு, தங்க முலாம் பூசிய தூண்கள். இங்கே கூட்டம் தேங்கும். அவசரப்படாதீர்கள், அடுத்த கூட்டம் வருவதற்குள் ஒரு நிமிடம் காலியாக இருக்கும்.

தங்க சிம்மாசனம் மட்டும் எல்லா நாளும் கிடையாது. தசரா சமயத்தில்தான் வெளியே எடுத்து வைப்பார்கள்.

வழிகாட்டி வேண்டுமா?

ஒன்றும் தெரியாமல் போனால் வேண்டும். தமிழ் பேசுபவர்களே வாசலில் கிடைப்பார்கள். உள்ளே போவதற்கு முன் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். "அரண்மனை முடிஞ்சதும் பட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பவரிடமும், அதே வசனம் பேசும் ஆட்டோக்காரரிடமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம். கமிஷன் உங்கள் புடவை விலையில்தான் ஏறும்.

இப்போதும் ராஜா அங்கே இருக்கிறாரா?

அரண்மனை கர்நாடக அரசின் அரண்மனை வாரியத்தின் கையில். பின்பக்கம் அரச குடும்பம் வசிக்கிறது. அவர்கள் நடத்தும் சிறிய அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். 2015-இல் பட்டம் சூட்டிக்கொண்ட யதுவீர் உடையார் 2024 முதல் மைசூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர். ஆட்சி செய்த கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். 1964 முதல் 1966 வரை நம் மாநிலத்துக்கே ஆளுநராக இருந்தவர் அவர்.

தோட்டங்கள்? பிருந்தாவனம் போகலாமா?

இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பூங்கா பார்ப்பதற்காக நீலகிரியிலிருந்து யாரும் மைசூருக்கு இறங்க வேண்டியதில்லை. 1848-இல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய, 22 ஹெக்டேர் தாவரவியல் பூங்கா வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அரண்மனை வளாகத்துக்குள் புல்தரை, பூப்பாத்தி எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து இளைப்பாற நல்லது, அவ்வளவுதான். அங்கே தேட வேண்டியது கோட்டைக்குள் இருக்கும் கோயில்களை. சுவேத வராக சுவாமி கோயில் வராக வாசலை ஒட்டியே இருக்கிறது.

பிருந்தாவனம் கண்ணம்பாடி அணைக்குக் கீழே, ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் அமைந்தது. அதன் உயிரே இருட்டிய பிறகு ஒளிரும் நீரூற்றுகள்தான். மறுபடியும் அதே கேட் பிரச்சினை. பகலில் பார்த்தால் பாதி ஏமாற்றம்.

அரண்மனையும் தோட்டமும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தவுலத் தோட்ட மாளிகைக்குப் போங்கள். திப்புவின் கோடை மாளிகை, 1784-இல் தேக்கு மரத்தால் கட்டியது. காவிரிக் கரையில், நேர் பாதையும் மரங்களுமாக அடக்கமான தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. அதன் மேற்குச் சுவரை நிறைத்திருப்பது 1780-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் நடந்த போர். ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை மடக்கிய காட்சி. நம் ஊர்ச் சண்டையை அவர்கள் ஊர்ச் சுவரில் பார்க்கலாம். அரண்மனையை ஒரு மணிக்குள் முடித்து, சாப்பிட்டு, இரண்டரைக்கு இங்கே வந்தால் நான்கு மணிக்குத் திரும்பலாம். மிருகக்காட்சிசாலையையும் சேர்க்க நினைத்தால் இதை விட வேண்டியதுதான். மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய் விடுமுறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் மகாராஜா அரண்மனை ஊட்டியிலேயே இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

பெர்ன்ஹில் அரண்மனையைச் சொல்கிறீர்கள். 1844-இல் கேப்டன் காட்டன் கட்டிய பங்களாவில் தொடங்கி, 1873-இல் மைசூர் அரச குடும்பத்தின் கைக்கு வந்து, அவர்களின் கோடை வாசஸ்தலமானது. ஆனால் அது தனியார் சொத்து. டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கும் இடமல்ல. ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் மாளிகையும் இப்போது "தமிழகம்" அரசு விருந்தினர் மாளிகை. ஊட்டியின் அரண்மனைகள் எல்லாம் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பவைதான். உள்ளே நுழைய மைசூர்தான் போக வேண்டும்.

தசரா சமயத்தில் போகலாமா?

நவராத்திரியின் முதல் சில நாட்களில், வாரநாளாகப் பார்த்துப் போகலாம். சிம்மாசனத்தையும் பார்க்கலாம். ஆயுத பூஜை, விஜயதசமி அன்று வேண்டாம். அரச குடும்பத்தின் சடங்குகளுக்காக உள்ளே பார்வையாளர்களை நிறுத்தி வைப்பார்கள், ஊரே ஊர்வலத்துக்காக அடைபட்டிருக்கும். தெப்பக்காடு முகாம் யானைகள் அங்கே போகின்றனவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, ஊர்வல யானைகள் கர்நாடக முகாம்களிலிருந்து வருபவை. சமீப வருடங்களில் அம்பாரி சுமப்பது அபிமன்யு என்ற யானை.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள்?

மாடிக்குப் படி ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் அம்பாரி, கல்யாண மண்டபம் இரண்டையும் பார்த்தாலே நிறைவுதான். வெறுங்காலோடு நடப்பதால் முற்றத்துக் கல் மதியத்தில் சுடும், சாக்ஸ் கொண்டுபோங்கள்.

ஸ்வெட்டரோடு கிளம்பி, கூடலூரில் கழற்றி, மைசூரில் வியர்த்து வழிவோம். சுமார் 1,500 மீட்டர் இறக்கம் அது. பருத்திச் சட்டை ஒன்று உள்ளே போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். திரும்பும்போது நடுவட்டத்தில் தேடுவீர்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றில் பால் கொடுத்துக் கிளம்பாதீர்கள்.

சாப்பாடும் கடையும்?

அரண்மனையிலிருந்து பத்து நிமிட நடையில் தேவராஜா மார்க்கெட். மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் மூன்றும் அங்கே பார்த்து வாங்க வேண்டியவை. மைசூர் பாகு அரண்மனை சமையலறையில் பிறந்தது என்பதால் அதை வாங்காமல் வந்தால் வீட்டில் சும்மா விடமாட்டார்கள். பட்டு என்றால் அரசு விற்பனை நிலையம்.

கன்னடம் தெரியாதே?

தேவையில்லை, தமிழிலேயே சமாளிக்கலாம். கன்னடத்துக்கு நெருக்கமான படுகு பேசுபவர்கள் வண்டியில் இருந்தால் அவர்களை முன்னால் விடுங்கள், பாதி பேரம் அங்கேயே முடியும்.

வழியில் நிறுத்தலாமா?

குண்டலுப்பேட்டையில் நிறுத்தலாம், ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி வயல்கள் பூத்திருக்கும். நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரரைப் பார்க்க நினைத்தால் காலையிலேயே, மதியம் நடை சாத்தியிருக்கும். முதுமலை, பந்திப்பூர்க் காட்டுக்குள் எங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது. குரங்குக்கு பிஸ்கட் போட்டாலும் அபராதம்.

திரும்பும்போது இ-பாஸ் (வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர வேண்டிய அனுமதிச் சீட்டு) கேட்பார்களா?

டி.என். 43 வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் கேட்க மாட்டார்கள். கோயம்புத்தூர் பதிவெண்ணோ கர்நாடகப் பதிவெண்ணோ உள்ள வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தால், நீங்கள் ஊட்டிக்காரரே ஆனாலும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, காலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மைசூரில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களையும் பிளாஸ்டிக் பைகளையும் குண்டலுப்பேட்டையிலேயே காலி செய்துவிடுவது நல்லது. எல்லைச் சாவடியான கக்கநல்லாவில் பிளாஸ்டிக் சோதனைக்காக டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், பின்னால் நிற்கும் வரிசை ஹாரன் அடிக்கும்.